இன்சொல்லே திறவுகோல்

(ஜூபிலி விழாவில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி விழாவுக்காக ஆலயத்துக்கு வெள்ளையடித்தோம்; பீடத்தை அழகுபடுத்தினோம்; கொடிமரத்துக்கு வர்ணம் பூசினோம். நன்று. ஆனால், ஒரே பீடத்தில் நற்கருணை உட்கொண்டு, வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் திரும்பும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கும்வரை இந்த அழகு நிறைவு பெறுமா? அப்பிளவுகளின் வேரைத் தோண்டினால், நிலத்தகராறுக்கும் பணத்தகராறுக்கும் அடியில், கோபத்தில் விழுந்த ஒரு சொல் கிடக்கக் காண்போம். வரப்பை அளந்து வழக்கைத் தீர்த்துவிடலாம். சொல்லை எந்தக் கோலால் அளப்பது?

வள்ளுவர் இனியவை கூறலுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். புனித யாக்கோபு தம் திருமுகத்தின் 3-ஆம் அதிகாரத்தில் நாவைக் கப்பலின் சுக்கானுக்கும், காட்டை எரிக்கும் சிறு நெருப்புக்கும் ஒப்பிடுகிறார்.

இன்சொல் என்றால் முகத்துதி அன்று. குற்றத்தைப் பூசி மெழுகுவதும் அன்று. யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் நம் ஆண்டவர் எப்படிப் பேச்சைத் தொடங்கினார்? குடிக்கத் தண்ணீர் கேட்டார்! யூதர் சமாரியரோடு பழகாத காலம் அது. பின்னர் அவளது வாழ்வின் உண்மையையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். அவளோ ஓடி ஒளியவில்லை. ஊருக்குள் சென்று மற்றவர்களையும் அழைத்து வந்தாள். உண்மையைச் சொல்லியும் உள்ளத்தை உடைக்காத பேச்சே கிறிஸ்தவ இன்சொல்.

இதற்குச் சிறந்த சான்று புனித பிரான்சிஸ் சலேசியார். 1594-ல், கல்வினின் போதனையைத் தழுவியிருந்த ஷப்ளே நாட்டுக்கு இளங்குருவாகச் சென்றார். தொனோன் நகரில் அவரது மறையுரையைக் கேட்க வந்தவர் வெகு சிலரே. அவர் மக்களைச் சபிக்கவில்லை. விசுவாச உண்மைகளைத் துண்டுத்தாள்களில் எழுதி, பூட்டிய கதவுகளின் அடியில் செருகிவிட்டு வந்தார். நான்கு ஆண்டுகளில் திரளானோர் திருச்சபைக்குத் திரும்பினர். சவாய்க் கோமகனின் ஆதரவும் பின்னர் சேர்ந்தது உண்மையே. ஆனால் உள்ளங்களை முதலில் திறந்தது அவரது சாந்தமே. 1602-ல் ஜெனீவாவின் ஆயரான பிறகும், காது கேளாத ஓர் இளைஞனுக்குச் சைகையால் மறைக்கல்வி புகட்டி நற்கருணைக்குத் தயாரித்தார். சொல்லே இல்லாதபோதும் இன்சொல் உண்டு! இவரது கனிவில் ஈடுபட்ட புனித தொன் போஸ்கோ தம் சபைக்கு இவர் பெயரையே சூட்டினார். 1906-ல் தஞ்சைக்கு வந்த சலேசியர் அச்சபையினரே.

அன்பார்ந்தவர்களே, "அவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன்" என்று சபதம் செய்வது நம் ஊர் வழக்கம். ஆண்டவரோ அந்தத் தண்ணீரைத்தான் முதலில் கேட்டார். ஆகவே, தேர்பவனிக்கு முன் நாம் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் படியேறுவோம். பழைய கணக்கைப் பேச வேண்டாம். நியாயம் யார் பக்கம் என்றும் கேட்க வேண்டாம். "குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்போம். மற்றதைத் தூய ஆவியார் பார்த்துக்கொள்வார்.

அந்த ஒரு குவளைத் தண்ணீரே இந்த ஜூபிலியில் நாம் ஆண்டவருக்கு அளிக்கும் சிறந்த காணிக்கை. அவரது சமாதானம் நம் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.