வெறுமையாய் இருந்த ஒரு கட்டம்
(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்களுக்கு முன்பு பேசியவர்கள் கட்டடம், நூலகம், புலமைப்பரிசில் என்று சங்கம் செய்த பெரிய காரியங்களைச் சொன்னார்கள். எங்கள் வகுப்புத் தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து செய்தது சின்னக் காரியம். ஒரு கடதாசியில் வெறுமையாய் இருந்த ஒரு கட்டத்தை நிரப்பினோம். அதற்கு இரண்டு வருடமும் நான்கு மாதமும் பிடித்தன. அதைப் பற்றிப் பேசத்தான் செயலாளர் அக்கா எங்களை மேடைக்கு ஏற்றியிருக்கிறார்.

எங்களில் ஒருத்தியின் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவர். அம்பிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1942இல் பயனியர் படையில் சேர்ந்து எகிப்துக்குப் போனவர். பயனியர் படை என்றால் துப்பாக்கியைவிட மண்வெட்டிக்கே வேலை அதிகம். வீதி போடுவது, கப்பலில் வந்த சாமான் இறக்குவது, எண்ணெய்ப் பீப்பாய் உருட்டுவது. போர் முடிந்து 1946இல் வீடு வந்தார். மணல் காற்றையும் ஒட்டகத்தையும் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்கு ஓயாமல் கதை சொல்லுவார். ஆனால் அவருடைய சொந்தத் தம்பியே, "எகிப்தாவது ஒன்றாவது, தியத்தலாவை முகாமில் சோறு ஆக்கிக்கொண்டிருந்தவன்" என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். தாத்தா கோபப்படுவார். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டார். 1979இல் காலமானார்.

அவருடைய டிஸ்சார்ஜ் கடதாசி தகரப்பெட்டியில் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தபடியால் வீட்டில் யாரும் வாசித்ததில்லை. எங்கள் தோழி உயர்தரம் படிக்கும் காலத்தில்தான் அம்மாயி அதை எடுத்துக் கொடுத்து, "வாசிச்சுச் சொல்லு தாயி" என்றார். வாசித்தாள். கடல் கடந்த சேவை என்ற கட்டம் வெறுமையாய் இருந்தது. பதக்கங்கள் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். அம்மாயி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவங்க சொன்னதெல்லாம் பொய்யா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடுதான் எங்கள் தோழி பள்ளிக்கூடத்தைவிட்டுப் போனாள். வருடங்கள் கழித்து, வகுப்பு ஒன்றுகூடலில் ஒரு பிளேன்டீக்கு நடுவே அதைச் சொன்னாள். அம்மாயிக்கு அப்போது எண்பது வயது. நாங்கள் வேலையில் இறங்கியது 2007இல்.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினோம். எங்களில் ஆங்கில ஆசிரியை ஒருத்தி இருக்கிறாள், அவள் கைவண்ணம். தாத்தாவின் தியாகம், அம்மாயியின் கண்ணீர், மலையக மக்களின் உழைப்பு எல்லாம் அதில் இருந்தன. நான்கு மாதம் கழித்து இரண்டு வரிப் பதில் வந்தது: இப்படி ஒரு பெயரில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு ஒரு காரியமாகக் கண்டிக்குப் போன எங்களில் இருவர், போர்வீரர் மயானத்துக்குள் நுழைந்தார்கள். பள்ளிக்காலத்தில் சுற்றுலா போல ஒருமுறை கூட்டிப்போயிருக்கிறார்கள். அன்று புல் வெட்டியிருந்த அழகைத்தான் பார்த்தோம். இந்தமுறை கல்லை வாசித்தோம். சாதாரணச் சிப்பாயின் கல்லில் முதலில் வருவது பெயர் அல்ல, படை இலக்கம். வெள்ளைக்காரனுக்கும் சரி, கிழக்காபிரிக்காவிலிருந்து வந்து இங்கே மடிந்தவனுக்கும் சரி, நம் நாட்டவனுக்கும் சரி. அங்கே நின்றபோதுதான் எங்களுக்குப் புரிந்தது, நாங்கள் மூன்று பக்கக் கடிதத்தில் தாத்தாவின் இலக்கத்தை எழுதவே இல்லை என்று.

நம் பெயர்களின் சங்கதி உங்களுக்குத் தெரியாததல்ல. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். துரைமாருடைய படிவத்தில் கடைசிப் பெயர் கேட்டால் ஒரு எழுதுவினைஞர் தகப்பன் பெயரைப் போடுவார், அடுத்தவர் சொந்தப் பெயரைப் போடுவார். முத்துசாமி என்று ஒருவர் சொன்னால், 'மு'வுக்கு எம்-யூ போடுகிறவரும் உண்டு, எம்-ஓ-ஓ போடுகிறவரும் உண்டு. சேரும்போது ஒரு பெயர், சம்பளப் பட்டியலில் ஒரு பெயர், பதக்கப் பட்டியலில் ஒரு பெயர். ஒரே மனிதன் மூன்று பேராகிவிடுவான். படை இலக்கம் ஒன்றுதான் அந்த மூன்று பேரையும் திரும்ப ஒருவராக்குகிறது. தோட்டத்துப் பேர்ப்பதிவிலும் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் மூன்று விதமாகப் பெயர் இருந்ததால் நம் பெற்றோர் கச்சேரிக்கு நடந்த நடையை நினைத்தால் இது புதுக்கதை அல்ல. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு கடதாசி இல்லாதவன் பட்ட பாட்டை இந்த மண்டபத்தில் பாதிப்பேர் வீட்டில் கேட்டிருப்பீர்கள்.

இனிப் பெட்டிக்கு வருகிறோம். அதில் இருந்தவை: ஒரு நட்சத்திரப் பதக்கம், கெய்ரோவில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம், பழுப்பு நிறச் சம்பளப் புத்தகம், ஒரு வெற்றிலைப் பெட்டி, அம்மாயியின் பழைய கொழுந்துச் சிட்டைகள். பதக்கம் கிடைத்தவுடன் நாங்கள் துள்ளினோம். ஆறு முனை, நடுவில் அரசரின் முத்திரை, சுற்றிலும் ஆபிரிக்க நட்சத்திரம் என்ற எழுத்து. திருப்பினால் பின்பக்கம் மொட்டை. முதலாம் உலகப் போர்ப் பதக்கங்களில் வீரனின் பெயரை விளிம்பில் வெட்டியிருப்பார்கள். இரண்டாம் போரில் பிரித்தானிய அரசாங்கம் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் இல்லை. சிறு அட்டைப் பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்பினார்கள், அதுவும் கேட்டு எழுதியவர்களுக்கு மட்டும். ஆகவே கொழுந்தனார், "கண்டியில காசு குடுத்தா வாங்கலாம்" என்று சொன்னபோது மறுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

காப்பாற்றியது சம்பளப் புத்தகம். அட்டையில் இலக்கம். உள்ளே தடுப்பூசி போட்ட நாட்கள். எகிப்து நாணயத்தில் சம்பளம் வாங்கிய பதிவுகள், தேதியும் அதிகாரியின் கையொப்பமுமாக. ஆபிரிக்க நட்சத்திரத்துக்கு விதி என்னவென்றால், 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரைக்குள் வட ஆபிரிக்காவில் ஒரு நாள் கடமையில் இருந்தாலே போதும். ஒரே ஒரு நாள்! தாத்தாவின் புத்தகத்தில் அந்த எல்லைக்குள் பதினொரு பதிவுகள் இருந்தன. இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்தான். இலக்கம், பெயர் எழுதப்பட்ட மூன்று விதங்கள், பதினொரு தேதிகள், பக்கங்களின் பிரதி, மரணச் சான்றிதழ், அம்மாயி சமாதான நீதவான் முன்னால் கைநாட்டு வைத்த சத்தியக்கடதாசி. கண்ணீர் ஒரு சொட்டும் இல்லை.

பேராசையும் பட்டோம் என்பதை மறைக்கக் கூடாது. தாத்தா கடைசிக் காலத்தில் பேராதனையில் மவுண்ட்பேட்டனின் தலைமையகத்தில் காவல் நின்றதாகச் சொல்லுவார். 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியத் தலைமையகம் டில்லியிலிருந்து நம் பேராதனைத் தோட்டத்துக்கு வந்தது உண்மை. பர்மாப் போர் அங்கிருந்து நடத்தப்பட்டபடியால் பர்மா நட்சத்திரமும் வேண்டும் என்று கேட்டோம். இல்லை என்றார்கள், நியாயமாகத்தான். போரை நடத்திய இடத்தில் காவல் நின்றதற்கு அந்த நட்சத்திரம் கிடையாது.

காத்திருந்த மாதங்களில் உலகத்தில் வேறு யாருக்கு இப்படி நடந்தது என்று தேடினோம். அமெரிக்காவில் ஹென்றி ஜான்சன் என்ற கறுப்பினச் சிப்பாய் 1918இல் பிரான்சில் ஜெர்மன் படைக்கூட்டம் ஒன்றைக் கைகலந்து விரட்டியவர். உடம்பில் 21 காயங்கள். பிரெஞ்சு அரசாங்கம் உயர்ந்த விருது கொடுத்தது. ஆனால் அவருடைய டிஸ்சார்ஜ் பதிவில் காயம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொந்த நாட்டில் காயத்துக்கான பதக்கம் கிடைக்கவில்லை. 1929இல் இறந்தார். காயப் பதக்கம் 1996இல் வந்தது. மிக உயர்ந்த வீரப் பதக்கம், எங்கள் வேலை முடிந்து பல வருடம் கழித்து, 2015இல் ஒபாமா கையால் வந்தது. அதே போரில் பிரான்சுக்குப் போய்ப் படைத் தொலைபேசி இணைப்புகளை இயக்கிய அமெரிக்கப் பெண்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள். சீருடை போட்டவர்கள், சத்தியப்பிரமாணம் செய்தவர்கள். வீடு திரும்பியபின், நீங்கள் படையினரே அல்ல என்று சொல்லிவிட்டார்கள். 1977இல்தான் சட்டம் வந்தது. டிஸ்சார்ஜ் கடதாசி கைக்கு வந்தபோது அவர்களில் மிகச் சிலரே உயிரோடிருந்தார்கள். அந்தப் பெண்களில் ஒருவரான மேர்ல் ஈகன் ஆன்டர்சன் அறுபது வருடம் விடாமல் கடிதம் எழுதினார். எங்கள் இரண்டு வருடம் எம்மாத்திரம்!

நம் நாட்டிலும் இந்தக் குறை பழையது. முதலாம் போருக்குப் பிறகு நவம்பர் மாதத்தில் விற்ற பொப்பிப் பூவின் பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போயிற்று. நம் முன்னாள் படைவீரருக்குக் கிடைத்தது கொஞ்சம். அதைக் கண்டித்து 1931இல் ஏலியன் பெரேரா பூவரசம்பூ விற்கத் தொடங்கினார். அதுதான் சூரியமல் இயக்கம். 1933இல் அதற்குப் புத்துயிர் கொடுத்து எழுதியவர் டொரீன் யங், பின்னாளில் டொரீன் விக்கிரமசிங்க. அவர் பெண்கள் பாடசாலையில் அதிபராக இருந்தவர் என்பதை இந்த மேடையில் சொல்லாமல் விட முடியாது.

பதில் 2009இல் வந்தது. பழைய கடதாசியை யாரும் திருத்தித் தரமாட்டார்கள். அது எழுதினபடியே கிடக்கும். அதற்குப் பக்கத்தில் வைக்கச் சேவை விபரம் என்று ஒரு புதுத் தாள் தந்தார்கள். மத்திய கிழக்கு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை. ஆபிரிக்க நட்சத்திரம், 1939-45 நட்சத்திரம், போர்ப் பதக்கம். தாத்தா கேட்டு எழுதாமலே விட்ட இரண்டு பதக்கங்களும் பின்னாலேயே தபாலில் வந்தன. ஆனால் பதிவைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வரும். நேரம் பிந்தி முகாம் திரும்பியதற்காக ஏழு நாள் சம்பளம் வெட்டியதும் அதே தாளில் இருந்தது. அதை வாசிக்கலாமா வேண்டாமா என்று தோழி தயங்கினாள். வாசித்தாள். அம்மாயி வாய்விட்டுச் சிரித்தார். "அது அவங்கதான்" என்றார்.

பிறகு ஒரு பிரதி எடுக்கச் சொல்லிக் கொழுந்தனார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். கூடச் சொல்லியனுப்பியது ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிழவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். மழையைப் பற்றியும் பேரன் கலியாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்துவிட்டு, போகும்போது சுவரில் மாட்டியிருந்த அண்ணன் படத்துக்கு முன்னால் சற்று நேரம் நின்றார்.

புதுத் தாளிலும் தாத்தாவின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது. திருத்தக் கேட்கட்டுமா என்றோம். "நம்பர் சரிதானே, விடுங்க" என்றார் அம்மாயி. விட்டுவிட்டோம்.

வெளிநாட்டில் இருக்கும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அப்பாவோ தாத்தாவோ பட்டாளத்தில், கடற்படையில், துறைமுகப் படையணியில் இருந்திருந்தால், ஊருக்கு வரும்போது அந்தப் பெட்டியைத் தேடிப் பாருங்கள். சுத்தம் செய்யாதீர்கள். பழைய சிட்டை, கிழிந்த கடிதவுறை, பின்பக்கம் முத்திரை குத்திய படம் எதையும் எறியாதீர்கள். முதலில் இலக்கத்தைத் தேடிக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் சங்கக் கூட்டம் முடிந்தபின் நூலக அறையில் நாங்கள் ஐந்து பேரும் ஒரு மணித்தியாலம் இருப்போம். அரைப் பக்கக் கடிதம் எழுத இப்போது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.