எபிசோட் 31: நான் போட்ட ஒரு ஸ்டார் ரிவ்யூ

இன்னிக்கு எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கிறேன்.

ஆபீஸ் ப்ராஜெக்ட்டுக்காக மூணு மாசம் ஹாங்காங்ல இருந்தேன். முதல் வாரம், ரூமுக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கடைக்குப் போனேன். ஏற்கெனவே மூணு பேர் சாப்பிட்டுக்கிட்டிருந்த மேசையைக் காட்டி, அங்க உட்காருன்னு கையாலேயே சொல்லிட்டாரு வெயிட்டர். மெனுவைப் பிரிக்கிறதுக்குள்ள வந்து நின்னாரு. பால் வேணாம், சர்க்கரை வேணாம், வெறும் ப்ளாக் காபின்னு சைகையும் இங்கிலீஷும் கலந்து சொன்னேன். அவர் கிச்சன் பக்கம் திரும்பிக் கத்தினாரு. என் காதுல விழுந்தது இதுதான்: “ஃபேய் சா சாவ் நாய்!”

சாவுன்னு ஒண்ணு, நாய்னு ஒண்ணு. நம்ம காதுக்கு அது எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

ரூமுக்கு வந்ததும் ஒரு ஸ்டார் போட்டேன். “மரியாதை தெரியாத கடை”ன்னு நாலு வரி வேற.

மறுநாள் டீம்ல இருந்த ஒரு அக்காகிட்ட புலம்பினேன். அவங்க அங்கேயே பிறந்து வளர்ந்தவங்க. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கான்டனீஸ்ல “நாய்”னா பால். “சா”ன்னா மணல், அதாவது சர்க்கரை. மணல் பறக்கட்டும், பால் ஓடட்டும்! சர்க்கரையும் பாலும் இல்லாத காபிக்கு அந்தக் கடைகள்ல அதுதான் பேரு. நான் கேட்டதைத்தான் அவர் அப்படியே உள்ள சொல்லியிருக்காரு.

அந்த மாதிரிக் கடைக்கு “சா சான் டெங்”னு பேரு. டீயும் சாப்பாடும் கிடைக்கிற இடம். ஆர்டர் எழுதுறதுலயும் சுருக்கெழுத்துதான். லெமன் டீக்கு ஒரு பூஜ்ஜியமும் ‘டி’யும். அவங்க பேச்சுல பூஜ்ஜியமும் எலுமிச்சையும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். பார்க்க ‘ஓ.டி.’ மாதிரியே இருக்கும். ஐடி ஆளுங்களுக்கு அதைப் பார்த்தாலே வயித்தைக் கலக்கும்!

நாம கோட்ல பண்றதைத்தான் அவங்க பேச்சுல பண்றாங்க. ஹாங்காங்ல சுமார் 75 லட்சம் பேர், கடை வாடகையோ தலை சுத்தும். மேசை சீக்கிரம் காலியானாத்தான் சாப்பாட்டைக் குறைஞ்ச விலைக்குக் கொடுக்க முடியும். தெரியாதவங்களோட மேசையைப் பகிர்றதுக்கு “டாப் டோய்”னு தனி வார்த்தையே இருக்கு. அங்க யாரும் அதைத் தப்பா எடுத்துக்கிறதில்லை.

கொஞ்சம் வரலாறு. 1842-லேர்ந்து 1997 வரைக்கும், நடுவுல ஜப்பான்காரங்க பிடிச்சு வச்சிருந்த மூணே முக்கால் வருஷம் தவிர, அது பிரிட்டிஷ் துறைமுகம். வெள்ளைக்காரங்க சாப்பிட்ட ஹோட்டல்கள் சாதாரண ஜனங்களுக்குக் கட்டுப்படியாகலை. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் இந்தக் கடைகள் அதே சாப்பாட்டைத் தங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குறைஞ்ச விலைக்குக் கொடுத்தாங்க. மக்ரோனியை சூப்ல போட்டு மேல ஹாம் வச்சா, அது காலை டிபன். டீயையும் காபியையும் ஒண்ணாக் கலந்தா “யூன்யெங்”. அன்னாசி பன்னுல அன்னாசியே கிடையாது, மேல் ஓடு அப்படி வெடிச்சிருக்கும், அவ்வளவுதான்.

எல்லாத்துக்கும் மேல “நாய் சா”, பால் டீ. டீத்தூளைத் துணிப்பையில போட்டு, பாத்திரம் மாத்தி மாத்தி ஊத்தி, கெட்டியா இறக்கி, டின் பால் சேர்ப்பாங்க. கறை ஏறின பை காலுறை மாதிரி இருக்கிறதால ‘பட்டுக் காலுறை டீ’ன்னும் சொல்றாங்க. சென்ட்ரல் பகுதியில இருக்கிற லான் ஃபோங் யூன் கடை 1952-லேர்ந்து இதுக்குப் பேர் போனது. 2017-ல ஹாங்காங் அரசு இந்த டீ போடுற கலையைத் தன்னோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு.

அந்த டீத்தூள் எங்கேர்ந்து வருதுன்னு அக்காகிட்ட கேட்டேன். “சிலோன்”னு சாதாரணமாச் சொன்னாங்க. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரலை. நம்ம ஊர்லேர்ந்து கப்பலேறிப் போனவங்களோட பேரன் பேத்திகள், மலையகத் தமிழர்கள், இன்னிக்கும் கொழுந்து பறிக்கிற மலை அது. அந்தக் கடையில என்னை அந்நியனா நடத்துறாங்கன்னு நான் பொருமிக்கிட்டிருந்தேன். என் எதிர்ல உட்கார்ந்திருந்தவர் குடிச்சது எங்க ஆளுங்க கை பட்ட டீ.

அடுத்த வாரம் அதே கடைக்குப் போனேன். நான் உட்காரவே இல்லை. என்னைப் பார்த்ததும் வெயிட்டர் உள்ள குரல் கொடுத்தாரு: “ஃபேய் சா சாவ் நாய்!” ஒரே ஒரு தடவை போனவனோட ஆர்டர் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கு.

அங்கேயே போனை எடுத்து ரிவ்யூவை அழிக்கப் போனேன். அதுக்குள்ள பதினாலு பேர் அதுக்கு லைக் போட்டிருந்தாங்க. ரிவ்யூவை அழிச்சிட்டேன். அந்தப் பதினாலு பேர்கிட்ட போய், நான் எழுதினது தப்புன்னு எப்படிச் சொல்றது?

உங்களுக்கும் இப்படி அழிக்க வேண்டிய ரிவ்யூ ஏதாவது இருக்கா? இருந்தா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.