முப்பத்தைந்து வயதுக்கு ஒரு கிளினிக்

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொரோனா காலத்தில் நின்றுபோன சுகவனிதையர் கிளினிக் நம் டிவிஷனில் மறுபடி ஆரம்பித்திருக்கிறது. கொழுந்து மடுவத்துச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டிய அறிவித்தலைப் பார்த்திருப்பீர்கள். எழுதியது நம் பிள்ளைகள். ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டோம்.

இந்தக் கிளினிக் புதிதல்ல. 1996ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சின் குடும்ப சுகாதாரப் பணியகம் தொடங்கியது. 35 வயதான பெண்களுக்கு பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். நோயில்லாமல் சுகமாக இருப்பவர்களுக்குத்தான் இது. நாமோ பிள்ளைத்தாய்ச்சிகளின் கிளினிக் என்று நினைத்து ஒதுங்கியிருந்தோம். கையில் கிடைத்த துண்டு நமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்தத் துண்டுக்கு அது தெரியவில்லை போலும்.

நம் லயத்து அக்கா ஒருவருக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருஷத்துக்குப் பிறகு இரத்தம் பட்டது. "அந்த வயசில் அப்படித்தான் இருக்கும்" என்று எல்லாரும் சொன்னோம். சொன்னவர்களில் நாங்களும் உண்டு. மஹரகம வைத்தியசாலைக்குப் போகும்போது நோய் முற்றியிருந்தது. போன தீபாவளிக்கு அவர் இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே டொக்டரிடம் போக வேண்டும் என்பதை அன்றைக்கு நமக்குச் சொல்ல ஆளில்லை.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்திய உறவால் தொற்றுவது. யாருக்கும் வரலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் தானாகவே போய்விடும். சிலருக்குத் தங்கி, பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் புற்றுநோயாகும். அத்தனை வருஷமும் பெரும்பாலும் வலி தெரியாது. அதனால் "எனக்கு ஒன்றுமில்லையே" என்பவர்தான் முதலில் போக வேண்டும். பாப் பரிசோதனைக்குச் சில நிமிஷம் போதும். மாற்றத்தை முன்கூட்டியே கண்டால் புற்றுநோயாகாமல் தடுக்கலாம்.

2017இல் ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி வந்தபோது, "பிறகு பிள்ளை பிறக்காது" என்று சில தாய்மார் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். அவர்களை நாங்கள் சிரித்து ஒதுக்கவில்லை. என்ன ஒப்பரேஷன் என்று விளக்காமலே கருத்தடை செய்த கதைகளை நம் லயங்களில் இன்னும் பேசுகிறார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் இந்த ஊசிக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் சம்பந்தமில்லை. வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். பலர் கையெழுத்துப் போட்டார்கள்.

இன்னொன்று. இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வையுங்கள். குளிசை போடும்போது தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. நாம் பறிக்கும் கொழுந்தே நம் இரத்தத்தைக் குறைக்கிறதென்றால் யாரிடம் போய் முறையிடுவது!

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு தடை இருக்கிறது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போகும். மாதக் கடைசியில் அந்த ஒரு நாள் சம்பளம் கடைக் கணக்கில் தெரியும். அதனால் கிளினிக் நாளில் போகும் பெண்ணுக்கு முழுப் பேர் போட வேண்டும் என்று சங்கம் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் இதுதான் முதல் விஷயம்.

மாதர் தலைவிமார் இந்த வாரம் லயம் லயமாக வருவார்கள். 35 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பெயர் கொடுங்கள். மாதவிலக்கு நாளில் பாப் பரிசோதனை செய்ய மாட்டார்கள், அதனால் திகதியையும் சொல்லிவிடுங்கள். துண்டில் எழுதியிருப்பது விளங்காவிட்டால் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள், வாசித்துச் சொல்கிறோம். ஆண் தோழர்களே, அன்றைக்குப் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணியையும் நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள்.