உறியும் பூனையும்

தெருவில் பசியோடு திரிந்த ஒரு பூனையைக் கொண்டுவந்து வளர்க்கிறீர்கள். வயிறாரச் சோறும் வைக்கிறீர்கள். அப்படியும் அது வறுத்த மீனைத் தட்டோடு இழுக்கிறது. மூடியைக் காலால் தள்ளிப் பாலை நக்குகிறது. கை ஓங்காதீர்கள். அடுத்த வேளைக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாமலே வாழ்ந்த உயிர் அது. அடித்தால் திருட்டு நிற்காது. நீங்கள் இல்லாத நேரம் பார்த்து எடுக்கும், உங்களைக் கண்டால் ஒளியும்.

பூனைக்கு வயிறு சின்னது. எலியும் பல்லியுமாக நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற பிராணி. அதனால் அதே உணவை நான்கைந்து வேளையாகப் பிரித்து, தினமும் அதே இடத்தில், அதே நேரத்தில் வையுங்கள். நீங்கள் சாப்பிட உட்காரும் முன்பே அதற்கு வைத்துவிடுங்கள். வெறும் தயிர்சோறு போதாது. மீனோ கறியோ அதற்குக் கட்டாயம் வேண்டும். எவ்வளவு தின்றும் மெலிந்தால் குடற்புழுவாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் பாட்டிமார் பால் பானையை உறியில் தொங்கவிட்டார்கள். இன்று அந்த வேலையை ஃபிரிட்ஜும் இறுக்கமான மூடியும் செய்யும். குழம்புச் சட்டியை மட்டும் மறக்காமல் மூடிவையுங்கள். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.