பேயும் மருந்தும்



மனநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளைப் பற்றி இன்று பேசப் போகிறேன். பேயோட்டுவதைக் கண்டிப்பது நமக்குப் பழக்கமான காரியம். சுடலைமாடன் கொடையைப் பற்றியும், கோடாங்கியின் உடுக்கையைப் பற்றியும், வேப்பிலை அடியைப் பற்றியும் நம்மவர்கள் அநேக தடவை பேசியாய்விட்டது. ஆனால், பேயோட்டியை விட்டு டாக்டரிடம் போ என்று சொல்லுகிற நாம், போன பிறகு என்ன நடக்கும் என்பதைச் சொல்லுவதில்லை. சொல்லாததன் பலன் என்னவென்றால், மருந்து தின்ன ஆரம்பித்தவனை மூன்றாம் நாளே பழையபடி கோடாங்கி வாசலில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள்.

எப்படியென்று கேளுங்கள். ஹாலோபெரிடால் என்று ஒரு மருந்து உண்டு. 1958-ல் பெல்ஜியம் தேசத்தில் உண்டாக்கப்பட்டது. காதில் குரல் கேட்பதையும், ஊரே தன்னைக் கொல்லச் சதி செய்கிறதென்ற எண்ணத்தையும் அடக்குவதில் நல்ல மருந்துதான். ஆனால், இதைச் சாப்பிட்ட அல்லது ஊசி போட்ட இரண்டொரு நாளில் சிலருக்கு, அதிலும் வாலிபப் பிள்ளைகளுக்கு, கழுத்து ஒரு பக்கமாய்த் திருகிக்கொள்ளும், கண்விழி மேலே செருகும், நாக்கு வெளியே தள்ளும், வாய் கோணும். பார்க்கிற வீட்டார் என்ன நினைப்பார்கள்? மருந்து கொடுத்ததால் மாடனுக்குக் கோபம் வந்து கழுத்தைத் திருகிவிட்டான் என்றுதானே நினைப்பார்கள்!

தோழர்களே, திருகியது மாடன் அல்ல, மாத்திரை. மூளையில் டோபமின் என்று ஒரு பொருள் இருக்கிறது. நோயை அடக்குவதற்காக மருந்து அதன் வேலையைத் தடுக்கிறது. அந்தப் பொருளேதான் தசைகளின் அசைவையும் ஒழுங்குபடுத்துகிறது. ஆகவே அங்கும் தடை விழுந்து தசை முறுக்கிக்கொள்ளுகிறது. ஆஸ்பத்திரியில் புரோமெத்தசின் ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் அரைமணிக்குள் கழுத்து நேராகிவிடும். ஊசி போடாமல் கோடாங்கியிடம் போனாலும் சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் தணிந்து தானாகவே நேராவதுண்டு. அந்தப் பெருமை முழுவதும் உடுக்கைக்குப் போய்விடுகிறது! தொண்டைத் தசை இறுகினாலோ மூச்சுக்கே ஆபத்து. உடுக்கை அடிக்க அங்கே நேரமில்லை.

இன்னொன்று, உட்கார முடியாத தவிப்பு. காலை மாற்றி மாற்றி வைப்பார்கள், இரவெல்லாம் நடப்பார்கள். நோய் முற்றிவிட்டதென்று வீட்டார் இன்னும் ஒரு மாத்திரை கூட்டிக் கொடுத்தால் தவிப்பு இன்னும் கூடும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார்.

தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். ரிஸ்பெரிடோன் என்னும் மருந்தினால் சில பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். கல்யாணமாகாத பெண்ணுக்கும் மார்பில் பால் சுரக்கக்கூடும். புரோலாக்டின் என்ற சுரப்பு அதிகமாவதுதான் காரணம். இது தெரியாத வீட்டில் அந்தப் பெண்ணின் கதி என்ன? ஏற்கெனவே "பைத்தியக்காரி" என்று பெயர். இப்போது "நடத்தை கெட்டவள்" என்ற பெயரும் சேரும். பெண் என்றால் முதலில் சந்தேகம், பிறகு அடி, பிறகுதான் விசாரணை என்ற ஜாதி முறை இருக்கிற நாட்டில், மாத்திரைச் சீட்டு எழுதும்போதே இதைச் சொல்லவேண்டியது டாக்டரின் கடமை. அவர் சொல்லாவிட்டால் நாம் கேட்கவேண்டும். கேட்பதற்கு வெட்கப்படுவது எந்தச் சுயமரியாதை?

ஓலான்சபின் மருந்தில் உடம்பு பருக்கும், சர்க்கரை ஏறும். ஆகவே ஆரம்பத்திலும், மூன்று மாதம் கழித்தும், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவதும் எடையும் இரத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும். குளோசபின் மற்ற மருந்துகளுக்கு அடங்காத நோய்க்குக் கொடுப்பது. 1975-ல் பின்லாந்து தேசத்தில் இதைச் சாப்பிட்டவர்களில் சிலர் வெள்ளை அணுக்கள் குறைந்து இறந்தார்கள். அதனால்தான் முதல் பதினெட்டு வாரம் வாராவாரம் இரத்தப் பரிசோதனை. தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எந்த மருந்தாயினும், கடுங்காய்ச்சலும் உடம்பு விறைப்பும் மயக்கப் பேச்சும் சேர்ந்து வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல், நேரே பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

நாட்டு மருந்தில் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். சர்ப்பகந்தி வேர் நாட்டு மருந்துதானே! 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சேனும் கார்த்திக் சந்திர போசும் அது மனநோயையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக எழுதினார்கள். 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதிலும் உடல் விறைப்பும் மனச்சோர்வும் உண்டாயின. வேலை செய்கிற மருந்து எதுவும் வேண்டாத வேலையையும் கொஞ்சம் செய்யும், செய்யாதது திருநீறுதான்.

இவ்வளவையும் கேட்டு, மருந்தே வேண்டாமென்று யாரும் நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும்; திரும்பினால் வீட்டார் கைவிடுவார்கள். கைவிட்டவர்கள் எங்கே போய்ச் சேருகிறார்கள்? 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. தர்கா என்றதும் மற்ற மதத்தார் சிரிக்க வேண்டாம். குணசீலம் கோயிலுக்கு மண்டலக் கணக்கில் கொண்டுபோய் விடுகிறவர்கள் யார்? 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது. சட்டம் இருக்கிறது, சங்கிலியை வாங்கிக் கொடுக்கிற மாமன் மைத்துனனும் இருக்கிறான்.

சோற்றில் ரகசியமாய் மாத்திரையைக் கலந்து கொடுப்பதும் நம் வீடுகளில் இருக்கிற வழக்கம். அவனுக்கே தெரியாமல் கொடுத்தால், கழுத்து திருகும்போது அவன் எதைச் சொல்லுவான்? "சோற்றில் விஷம் வைக்கிறார்கள்" என்று அவன் சந்தேகப்படுவதும் அப்போது பைத்தியம் அல்லவே, உண்மையல்லவா?

கடைசியாக, முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பீடிப் புகை உடம்பில் ஓலான்சபின், குளோசபின் மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதனால் பீடி குடிப்பவருக்கு அளவு கூடுதலாக வேண்டியிருக்கும். அவரே திடீரென்று பீடியை விட்டால் அதே அளவு மிகுதியாகி மயக்கம் வரும். பீடியை விடுவது நல்லது. விடுகிற நாளை டாக்டரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பீடி குடித்தால் திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள்.

 கேள்விகள் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம்.