மேலே போகும் சேதி, கீழே வராத கணக்கு

(செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் ஆற்றிய உரை)



தலை நிமிர்ந்தால் ராஜகிரி, திரும்பினால் கிருஷ்ணகிரி, இன்னும் சற்றுத் திரும்பினால் சந்திரகிரி. மூன்று மலைகளையும் மதிலால் பிணைத்து எழுப்பிய கோட்டை! 1690-ல் முற்றுகையிட்ட முகலாயப் படை, 1698 வரை இதன் காலடியிலே காத்துக் கிடந்தது. 2025 ஜூலையிலே, மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் செஞ்சி இடம் பெற்றது. மகிழ்ச்சிதான்! ஆனால், அந்தக் கோட்டையின் காவற்கண் எந்தப் பக்கம் பார்த்தது? கீழேயிருந்த ஊரைப் பார்த்தது. ஊராருக்கோ, மேலே கொலுமண்டபத்திலே நடப்பதைக் காண வழியில்லை. மன்னராட்சி மறைந்தது, அந்த ஒருபக்கப் பார்வை மறைந்ததா?

காடு காக்க, ஏரி காக்க, கோட்டை காக்கப் பணம் ஒதுக்குகிறார்கள். காப்பது நல்ல பணி, கணக்கு யாரிடம்? அதைத்தான் பேச வந்தேன். அதற்குமுன் உங்களை ஆனைமலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

வால்பாறை! ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம், கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை, சுற்றிலும் காடு. தோட்டம் தோன்றுமுன்னே யானை நடந்த தடம் அது, இன்றும் நடக்கிறது. மாலை மங்கி மஞ்சு சூழும் வேளையிலே பேருந்திலிருந்து இறங்குகிறாள் ஒரு தொழிலாளத் தாய். கையிலே கடைச்சாமான். லைன் வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையிலே, பத்தடி தூரத்திலே, பாறையென்று அவள் எண்ணியது பாறையல்ல! அங்கே மாண்டவர்களிலே பெரும்பாலோர், யானை நிற்பதை அறியாமலே மாண்டவர்கள். வேலி இல்லாமல் அல்ல, துப்பாக்கி இல்லாமல் அல்ல, செய்தி இல்லாமல் செத்தார்கள்!

2002 முதல் அங்கே ஆய்வு நடத்திய நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் அமைப்பின் ஆனந்தகுமாரும் குழுவினரும் இதைக் கண்டறிந்தார்கள். யானை நிற்குமிடத்தை உள்ளூர்த் தொலைக்காட்சியிலே ஓடவிட்டார்கள். 2011 முதல் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி. படிக்கத் தெரியாதவருக்குத் தமிழிலே குரல் அழைப்பு. மேட்டிலே சிவப்பு விளக்கு. ஒரு கிலோமீட்டருக்குள் யானை வந்தால், கைப்பேசியிலிருந்து ஓர் அழைப்பு, விளக்கு மின்னும்! இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையா? பட்டன் போன் போதும். உயிரிழப்பு குறைந்தது. 2015-ல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது வந்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: தொடக்கத்திலே குழுவினர் இயக்கிய விளக்கை, பிறகு ஊராரே இயக்கினார்கள். சேதி கேட்டவர், சேதி சொல்பவர் ஆனார்.

கடல் கடந்தும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவின் குரூகர் வனப்பூங்காவினர், சுற்றுப்புற மக்களோடு பேச வழி தேடினர். அதைக் கண்ட கென் பேங்க்ஸ் என்பார், 2005-ல் பிரண்ட்லைன் எஸ்.எம்.எஸ். என்னும் மென்பொருளை உருவாக்கினார். ஒரு கணினி, அதனோடு கம்பியால் இணைத்த ஒரு கைப்பேசி, இணையமே வேண்டாம். ஊருக்கெல்லாம் சேதி போகும். ஊரின் பதிலும் வரும்.

இங்கே என்ன செய்தார்கள்? நூறு நாள் வேலைத்தளங்களிலே, நாளுக்கு இருமுறை தொழிலாளரைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றுவது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஏரி தூர்வாருவதும் மரம் நடுவதும் அந்தத் திட்டத்தின் பணிகள்தாம். பலன்? 2025 ஜூலையிலே ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே கூறிற்று: தொடர்பில்லாத படங்கள் ஏறுகின்றனவாம், படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்களாம்! மேலிருப்பவர் மட்டும் பார்க்கும் கண்ணாடியிலே எந்த வேடமும் பொருந்தும், தோழர்களே! கூடை சுமந்தவளுக்குத் தெரியும், எத்தனை கூடை மண் வெளியேறியது என்று. அவளைக் கேட்டாரா எவரேனும்?

நாடகக்காரன் நான், ஒரு காட்சி சொல்கிறேன்.

"கணக்கெல்லாம் இணையதளத்திலே இருக்கிறதய்யா" என்கிறார் அலுவலர்.

"என் போனிலே டார்ச் லைட் இருக்குங்க, இணையதளம் இல்லீங்களே" என்கிறார் விவசாயி.

"பையனிடம் கேட்டுப் பாரும்."

"பையன் திருப்பூரிலே இருக்கானுங்க."

சிரிக்கிறீர்கள். சட்டம் சிரிக்கவில்லை! 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கேட்காமலே தகவலைப் பரப்பச் சொல்கிறது. உள்ளூர் மொழியையும், அந்த வட்டாரத்திலே எந்தத் தொடர்புமுறை பயன்தரும் என்பதையும் கருதச் சொல்கிறது. பட்டன் போன் வைத்திருக்கும் ஊருக்குக் குறுஞ்செய்தியும் குரல் அழைப்பும்தானே அந்த முறை?

ஏரியிலே பணி தொடங்கும் நாளன்று எங்கள் கைப்பேசிக்குச் சேதி வரட்டும்: பணியின் பெயர், தொகை, ஒப்பந்தக்காரர், முடியும் நாள். பக்கமலைக் காட்டோரம் கன்று நட்டால், எத்தனை நட்டார்கள் என்று வரட்டும். ஆறு மாதம் கழித்து எத்தனை உயிரோடிருக்கின்றன என்று நாங்கள் திருப்பிச் சொல்கிறோம். வந்த பதில்களைக் கிராம சபையிலே உரக்கப் படிக்கட்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடுகிறதே, ஏரிக்கணக்கு படிக்க அதனினும் நல்ல நாள் ஏது?

ஒன்றிலே மட்டும் திரை வேண்டும். 2023 ஏப்ரலிலே, தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டிலே, மணல் கடத்தல் பற்றிப் புகார் தந்த கிராம நிர்வாக அலுவலர், தம் அலுவலகத்திலேயே வெட்டிச் சாய்க்கப்பட்டார். அரசு ஊழியருக்கே அந்தக் கதி! பட்டன் போனிலே சேதி சொல்லும் நம் வீட்டுத் தாய்க்கு யார் காவல்? எனவே, பணத்தின் கணக்கு ஊரறிய வேண்டும்; புகார் தந்தவரின் எண்ணை ஒப்பந்தக்காரர் அறியக் கூடாது. இந்த இரண்டிலே ஒன்றை மட்டும் தருகிறோம் என்றால், ஏற்காதீர்கள்.

அடுத்த கிராம சபைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். இந்தக் கோரிக்கையைத் தாளிலே எழுதி, பெயரிட்டுக் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லுங்கள். தீர்மானப் பதிவேட்டிலே அது ஏறும்வரை இடத்தை விட்டு எழாதீர்கள்.