ஒரு நூல் வந்த செய்தி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆராய்ச்சிப் பதிப்பகங்களின் செய்திகளையும் நூலாசிரியர் பேட்டிகளையும் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, விருந்து நாளில் பாயசத்திற்குப் பதிலாகக் கஷாயம் பரிமாறச் சொல்கிறாரே என்று எண்ணினேன். கதை எழுதுவோரின் பேட்டியைத் தேடிப் படிக்கும் நாம், கல்வெட்டு ஆராய்வோரின் பேட்டி கண்ணிற்பட்டால் பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். நானும் அவ்வாறே இருந்தவன்தான். என்னை மாற்றியது ஒரு நூல்.

2003ஆம் ஆண்டில் சென்னை க்ரியா பதிப்பகமும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் இணைந்து அந்நூலை வெளியிட்டன. பழந்தமிழ்க் கல்வெட்டுகளைத் தொடக்கக் காலம் முதல் கி.பி. 6ஆம் நூற்றாண்டு வரை ஆராயும் ஆங்கில நூல் அது. ஆசிரியர் ஐராவதம் மகாதேவன். 1891இல் தொடங்கிய ஹார்வர்டு கீழ்த்திசை நூல்வரிசையில் 62ஆம் தொகுதியாக அமைந்தது. க்ரியாவோ 1974இல் ராமகிருஷ்ணன் முதலிய சிலர் தொடங்கிய சிறு பதிப்பகம். உலகப் பெரும் பல்கலைக்கழகம் ஒன்றும் சென்னைத் தெரு ஒன்றில் இயங்கிய சிறு நிறுவனமும் ஒரே தலைப்பேட்டில் பெயர் பொறித்துக்கொண்ட காட்சி அடிக்கடி காணக் கூடியதன்று.

இந்நூல் எத்தனை ஆண்டுகளில் உருவாயிற்று என்பதை ஆசிரியரின் பேட்டிகளைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். ஆட்சிப் பணி அலுவலர். வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியாரின் தூண்டுதலால், 1960களில் அலுவலுக்கிடையே குகைக் கல்வெட்டுகளைத் தேடிப் புறப்பட்டார். புகழூரில் சேரர் மூவரின் பெயரையும், மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரையும் இனங்கண்டார். 1966இல் கல்வெட்டுகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். மற்றொருவராயின் அத்துடன் நிறைவு கொண்டிருப்பார். இடையில் சிந்துவெளி எழுத்துகளின் தொகுப்பு 1977இல் வந்தது; 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியப் பொறுப்பு. அதன்பின், அறுபதைக் கடந்த வயதில், மீண்டும் மலையேறினார். தாம் முன்னர்ப் படித்தவற்றையே கல்லின் முன் நின்று மறுபடி சோதித்தார். திருத்த வேண்டியவற்றைத் திருத்தினார். முதல் தொகுப்பிற்கும் இந்நூலிற்கும் இடைப்பட்டவை 37 ஆண்டுகள். நம்மிற் சிலருக்கு எழுதிய கடிதத்தை ஒருமுறை திரும்பப் படிக்கவும் பொறுமை இருப்பதில்லை!

இனி, இந்நூல் நம் காலனிக்கு எவ்வாறு உறவாகும் என்பதைச் சொல்ல வேண்டும்.

பள்ளியிலிருந்து வந்த என் பேத்தி ஒருநாள், "தாத்தா, நாம இந்த ஊர்க்காரங்க இல்லையா?" என்று கேட்டாள். வகுப்பில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. கன்னடம் எழுதவும் வரும். பாதிப் பிராயத்தை இந்நகரில் கழித்த எனக்கு, அக்கேள்விக்கு உடனே விடை தோன்றவில்லை.

விடை இந்நூலில் இருந்தது. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் மலையில் ஒரு குகை. அதில் துறவிகள் துயின்ற கற்படுக்கைகள். ஒன்றின் அருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. அதனைக் கி.மு. 1ஆம் நூற்றாண்டினது என மகாதேவன் கணித்தார். எருமிநாட்டுக் குமுழூரிற் பிறந்த ஒருவருக்காக, சிறுபொசில் என்னும் ஊரைச் சேர்ந்த இளையர் அவ்விருக்கையைச் செய்தளித்தார் என்பது அவர் கண்ட பொருள். முதற்சொல்லை அறிஞர் வேறுவிதமாகவும் படித்ததுண்டு. மகாதேவனோ, எருமிநாடு என்பது மைசூர்ப் பகுதி என்றும், எருமி, கவுதி, பொசில் ஆகியவை கன்னடச் சாயல் கொண்டவை என்றும் எடுத்துக்காட்டினார். வாயிற்படியை நம் அண்டை வீட்டார் ஹொசிலு என்கிறார்களே, பொசில் அதன் மூதாதை.

அன்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். மைசூர் நாட்டிற் பிறந்த ஒருவர் தமிழகத்துக் குன்றில் வந்து தங்குகிறார். உள்ளூரார் அவருக்குக் கல்லிற் படுக்கை வெட்டித் தருகிறார். அவருடைய ஊர்ப்பெயரை மறைக்காமல், அவர் மொழியின் சாயலோடு தமிழ் எழுத்திற் பொறிக்கிறார். தமிழின் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று, கன்னட நாட்டிலிருந்து குடிவந்தவரைப் பற்றியது! இதனைச் சொன்னபோது, "அப்போ அவர் அங்கே போனார், நாம இங்கே வந்தோம்" என்றாள் பேத்தி. மறுநாள் அவளுடைய கன்னட ஆசிரியையிடமும் சொல்லியிருக்கிறாள். குகையின் படம் கிடைக்குமா என்று அவ்வம்மையார் கேட்டனுப்பினார்.

மகாதேவன் 2018இலும், க்ரியா ராமகிருஷ்ணன் 2020இலும் மறைந்தனர். நூலின் திருத்திய பதிப்பின் முதல் தொகுதியைச் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 2014இல் வெளியிட்டது. நம் சங்க நூலகத்தில் நாவல்கள் நிரம்பிய அலமாரிகள் உள்ளன, இந்நூல் இல்லை. விலை சற்று அதிகமே. எனினும், இன்றைய உண்டியல் தொகையில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ் எழுத்தறியாத நம் பிள்ளைகளும் எடுத்துப் புரட்டலாம். முதலில் இரவல் கேட்டுப் பெயர் பதிந்திருப்பவர் அந்தக் கன்னட ஆசிரியை.